கழற்றி எடுப்பதா, நொறுக்கி எடுப்பதா?

பழைய கட்டடத்தின் பொருள்களைக் காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு. செங்கல், உத்திரம், கதவு என்று முழுசாகக் கழற்றி வேறு கட்டடத்தில் பொருத்துவது ஒன்று. நொறுக்கியோ உருக்கியோ புதுப்பொருள் செய்வது மற்றது. இரண்டையும் 'மறுசுழற்சி' என்றே சொல்லிவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நொறுக்கினால் ஜல்லி கிடைக்கும். அதில் பெரும்பகுதி சாலைக்கு அடியில் போய்விடும். பழைய சிமெண்ட் மறுபடி பிடிமானம் தராது, அடுத்த கட்டடத்துக்குப் புது சிமெண்ட் வேண்டும். உலகின் கார்பன் உமிழ்வில் சிமெண்டின் பங்கு ஏறக்குறைய 8 சதவீதம். அதை நொறுக்கல் பெரிதாகக் குறைப்பதில்லை.

இரும்பின் கதை வேறு. உருக்கினாலும் தரம் குறையாது, ஆனால் உலைக்கு ஏராளமான மின்சாரம் வேண்டும். உத்திரத்தை உத்திரமாகவே எடுத்தால் அந்தச் செலவே இல்லை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 2021-இல் முடிந்த கே.118 கட்டடத்தில் அப்படித்தான் செய்தார்கள். அந்நாட்டின் பாசல் நகரில் இடிக்கப்பட்ட கட்டடத்தின் உத்திரங்கள், பல இடங்களிலிருந்து வந்த ஜன்னல்கள், வெளிப்படிக்கட்டு எல்லாம் அங்கே சேர்ந்தன. கிடைத்த பொருளுக்கு ஏற்ப வரைபடம் மாறியது. புதுப்பொருளில் கட்டுவதைவிட உமிழ்வு ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது.

செங்கல்லில் எல்லாமே சாந்தைப் பொறுத்தது. சுண்ணாம்புச் சாந்து தட்டினால் உதிரும். சிமெண்ட் சாந்து கல்லைவிடக் கெட்டி. பிரிக்கப் போனால் கல்தான் உடையும். கோபன்ஹேகனின் 'ரிசோர்ஸ் ரோஸ்' குடியிருப்புக்குப் பழைய சுவர்களைச் சதுரத் துண்டுகளாகவே அறுத்து எடுத்துப் பதித்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அந்தச் சிரமம் சிமெண்ட் சாந்தால் வந்தது. அதனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் வெல்டிங்குக்குப் பதில் போல்ட்டும், பசைக்குப் பதில் திருகாணியும் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கழற்றுவதில் சிக்கல் இல்லாமலில்லை. எந்திரம் சில நாளில் முடிக்கும் வேலைக்கு ஆட்கள் வாரக்கணக்கில் வேண்டும். வாங்குபவர் வரும்வரை பொருளை வைக்க இடம் வேண்டும், பழைய உத்திரத்தின் பலத்தைச் சோதிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை மறுபடி பயன்படுத்தவே கூடாது. இருந்தாலும் இரும்பு, மரம், செங்கல் மூன்றிலும் கழற்றுவதையே முதலில் பார்ப்பேன், முடியாதபோதுதான் நொறுக்கல்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இடிக்கத்தான் வேண்டுமா? பிரான்சின் போர்தோ நகரில் லகாத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் வேறு சில கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து 530 வீடுகள் கொண்ட மூன்று அடுக்ககங்களை இடிக்காமல், வெளிப்பக்கம் கண்ணாடித் தாழ்வாரங்கள் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள்.