லண்டனில் ‘ஃபேமிலி ஏரியா’ பார்த்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

லண்டனுக்கு வேலை மாற்றலாகிப் போகிறவர்களைச் சென்னையிலேயே மடக்கி, “நல்ல ஸ்கூல், அமைதியான தெரு, நம்ம ஆளுங்க இருக்கிற இடம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று பேக்கேஜ் விற்கும் ஆலோசகர்கள் பெருகிவிட்டார்கள். அப்படி ஒரு நிறுவனத்துக்கு 85,000 ரூபாய் கட்டிவிட்டு நாங்கள் பட்டதை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மகள் அங்கே ‘இயர் ஒன்’ வகுப்பில் (ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானது) சேர வேண்டும். நடந்து போகிற தூரத்தில் ஸ்கூல், சத்தமில்லாத தெரு, அவ்வளவுதான். அந்த ஆலோசகர் வாய் கூசாமல் அள்ளிவிட்டார்: “ஹாரோல செட்டில் ஆயிடுங்க சார். தமிழ் ஃபேமிலி எக்கச்சக்கம். ஸ்கூல் அஞ்சு நிமிஷ நடை, அவுட்ஸ்டாண்டிங் ரேட்டிங் வேற.”

வீட்டின் போஸ்ட்கோடு எச்ஏ9. எச்ஏ என்றாலே ஹாரோ என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த எழுத்துகள் ஹாரோவிலிருந்து வந்தவைதான். ஆனால் எச்ஏ9 என்பது வெம்ப்ளி; பெரும்பாலும் பிரென்ட் கவுன்சிலுக்குள், அதாவது பிரென்ட் உள்ளாட்சி எல்லைக்குள் வருவது. எச்ஏ4 ரைஸ்லிப், அது ஹில்லிங்டன் கவுன்சில். போஸ்ட்கோடு தபாலுக்குப் போட்டது, கவுன்சில் எல்லையைப் பார்த்துப் போட்டதில்லை. வெம்ப்ளி மோசமான இடம் என்று சொல்லவில்லை. ஈலிங் ரோடு கடைகளும் நல்ல ரயில் வசதியும் உள்ள ஊர். ஆனால் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் 90,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் இருக்கிறது என்பதை அவர் மூச்சுகூட விடவில்லை. மேட்ச் அன்றும் கச்சேரி அன்றும் வெம்ப்ளி பார்க் ஸ்டேஷனுக்குள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நுழைந்து பாருங்கள், தெரியும். அன்றைக்குப் பெர்மிட் இல்லாமல் தெருவில் காரும் நிறுத்த முடியாது. வீடியோவில் எங்களுக்குக் காட்டியது ஒரு வாரநாள் காலை. தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை.

ஸ்கூல் விஷயம்தான் உச்சம். முதலில் அந்த ‘அவுட்ஸ்டாண்டிங்’. பள்ளிகளை ஆய்வு செய்து ரேட்டிங் போடும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பின் தளத்தில் தேடிப் பார்த்தால், அறிக்கையின் தேதி 2012. அந்த ரேட்டிங் வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கு இருந்தது. அதனால் தலைமையாசிரியர் மாறி, பாதி ஆசிரியர்கள் மாறியும் வாசலில் அதே பேனர் தொங்கிய பள்ளிகள் உண்டு. அப்புறம், அரசுப் பள்ளிகளுக்கு இப்படி ஒற்றைச் சொல்லில் மார்க் போடுவதையே 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்த பிரசுரத்தில் மட்டும் அது தங்க எழுத்தில் மின்னியது.

சரி, பள்ளி நல்ல பள்ளி என்றே வைத்துக்கொள்வோம். இடம் வேண்டுமே? இங்கிலாந்தில் ரிசப்ஷன் (பள்ளியின் முதல் வகுப்பு, இயர் ஒன்னுக்கு முந்தியது), இயர் ஒன், இயர் டூ வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. முப்பதும் நிரம்பியிருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, முப்பத்தோராவதாக யாரையும் நுழைக்க முடியாது. டொனேஷன், சிபாரிசுக் கடிதம் எதுவும் செல்லாது. கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவுக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: அந்தப் பள்ளியில் இயர் ஒன் ஃபுல், காத்திருப்போர் பட்டியலில் போடலாம். அந்தப் பட்டியலும் முதலில் வந்தவருக்கு முதலில் என்று நகராது. அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா, வீடு எவ்வளவு பக்கம் என்றுதான் வரிசை போடுவார்கள். நமக்குப் பின்னால் வந்த குடும்பம் இன்னும் பக்கத்தில் குடியேறினால் நாம் கீழே இறங்குவோம். முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வரை பிள்ளைகளை எடுத்தார்கள் என்பதைக் கவுன்சில்கள் சேர்க்கைக் கையேட்டிலேயே அச்சிடுகின்றன. இலவசம். 85,000 ரூபாய் வாங்கியவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மகளுக்குக் கிடைத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை. பரவாயில்லையே என்று நினைத்தோம். குளிர் தொடங்கியபின் பெட்ரூம் அலமாரியை நகர்த்தினால், பின் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. விரலால் தொட்டதும் பெயின்ட் தோல் போல உரிந்து வந்தது. வீடியோ காலில் ஈரமும் தெரியாது, நாற்றமும் தெரியாது. அலமாரியை நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த வீடு வேண்டாம்.

இனி பணம். வாடகை மாதம் 2,200 பவுண்டு. லெட்டிங் ஏஜென்ட் (அங்கே வீட்டை வாடகைக்கு விடும் தரகர்) இரண்டு மாத டெபாசிட் 4,400, நம் பின்னணியைச் சரிபார்க்கும் ‘ரெஃபரன்ஸ் செக்’ என்று 300 கேட்டார். “அங்க அதுதான் சார் வழக்கம்” என்றார் நம் ஆலோசகர். வழக்கமாவது, மண்ணாவது! 2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கும் வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. எங்கள் கணக்குக்கு அது 2,538 பவுண்டு. ரெஃபரன்ஸ் செக் கட்டணம் வாங்குவதே தடை. வீட்டைப் பிடித்துவைக்க வாங்கும் தொகைக்கு உச்சவரம்பு ஒரு வார வாடகை. டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு விவரத்தை நம்மிடம் தர வேண்டும். தவறினால் அந்தத் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதம் கேட்டு நாம் கோர்ட்டுக்குப் போகலாம். எங்கள் டெபாசிட் எதிலும் போடப்படவில்லை.

இதெல்லாம் ஆலோசகருக்குத் தெரியாதா? ஏஜென்ட் ஒருமுறை பழைய மின்னஞ்சல்களை நீக்காமல் அப்படியே எங்களுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டார். கீழே இறக்கிப் பார்த்தால் ‘அறிமுகக் கட்டணம்’ என்று ஒரு வரி, பக்கத்தில் நம் ஆலோசகரின் பெயர். எங்களிடமும் வாங்கியிருக்கிறார், அங்கேயும் வாங்கியிருக்கிறார். வாடகைக்குப் போகாமல் கிடந்த வீட்டை ‘ஃபேமிலி ஏரியா’ என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு, டிரிப்யூனலுக்குப் போவேன் என்று எழுதியதும் ஏஜென்ட் கூடுதல் டெபாசிட் 1,862 பவுண்டையும் அந்த 300ஐயும் திருப்பிவிட்டார். மீதி டெபாசிட்டையும் திட்டத்தில் போட்டார். சென்னை நிறுவனம் மட்டும் “சர்வீஸ் கொடுத்தாச்சு சார்” என்று கையை விரித்தது. அதனால்தான் மனு. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கட்டிய சேவைக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். முதலில் பேசிப் பார்க்க நினைப்பவர்களுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து நிமிஷ நடை, அவுட்ஸ்டாண்டிங் என்றெல்லாம் போனில் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் மனுவோடு இணைக்க முடிந்தது அந்த மெசேஜ்களும் பிரசுரமும் பணம் கட்டிய ரசீதும்தான்.