மோட்டுல் சி1, சி2 செயின் ஸ்பிரே: எந்தச் சத்தத்துக்குப் பலிக்கும், எதற்குப் பலிக்காது

பைக் செயின் சத்தம் போட்டால் நேராகக் கடைக்குப் போய் ஒரு ஸ்பிரே வாங்கி அடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. செயினுக்கு எண்ணெய்ப் பசை போடும் மோட்டுல் சி2 நல்ல சரக்குதான். ஆனால் அது அடக்குவது ஒரே ஒரு சத்தத்தை: எண்ணெய்ப் பசை வற்றிய செயினின் கிறீச் சத்தம். மழையில் நனைந்த வண்டியை மறுநாள் எடுக்கும்போது கேட்குமே, அது.

பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' என்று கவரில் அடித்தால் செயின் லூஸ். வேகம் கூடக் கூட ஊளையிட்டால் டைட். இரண்டில் இதுதான் மோசம், கியர்பாக்ஸ் பேரிங், வீல் பேரிங் இரண்டையும் சேர்த்துக் காலி செய்யும். மெதுவாக உருட்டும்போது சீரான இடைவெளியில் 'டிக்' வந்தால் ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது 'டொக்' என்றால் பின் சக்கரத்தின் கப்ளிங் ரப்பரைப் பாருங்கள், செயினைக் குறை சொல்லாதீர்கள். இவற்றுக்கெல்லாம் ஸ்பிரே அடிப்பது வீண் செலவு.

அதனால் கேனைத் திறக்கும் முன் ஸ்கேலை எடுங்கள். கீழ்ச் செயினின் நடுவில் மேலும் கீழும் தள்ளினால், 150–200 சிசி வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, மிக டைட்டான இடத்தில் அளவை வையுங்கள். ஆக்சில் நட்டைத் தளர்த்தி இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவராவிட்டால் சக்கரம் கோணி, ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) பல் ஒரு பக்கமாகத் தேயும்.

இனி ஸ்பிரே. சி1 கிளீனரை அடித்து இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடைக்க வேண்டும். வேலையைச் சுத்தமாகச் செய்கிறது; ஆனாலும் மண்ணெண்ணெய் கிடைத்தால் சி1 இல்லாமலே சமாளிக்கலாம். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் செயின் கண்ணிக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கெடுக்கும். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் சுத்தம் செய்வது விரல் போகிற வேலை. சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

சி2-வை வண்டி ஓட்டி வந்ததும், செயின் இளஞ்சூடாக இருக்கும்போது, கீழ்ச் செயினின் உள்பக்கம் மெல்லிசாக அடியுங்கள். அரை மணி நேரமாவது விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். ரிம்மில் கறுப்புப் புள்ளி தெறிக்கிறது என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் துடைக்காதவர்கள். 500–600 கி.மீ.க்கு ஒரு முறை போதும்; மழைக்காலத்தில் நனைந்தால் உடனே.

என்.எஸ்.200, டியூக் மாதிரி திறந்த ஓ-ரிங் செயின் வண்டி தார் ரோட்டில் ஓடினால் சி2 காசுக்குத் தகும். மண் ரோடு என்றால் அந்தப் பிசுபிசுப்பே புழுதியைப் பிடித்து அரைக்கும். அங்கே 90 கிரேடு கியர் ஆயில்தான் மேல். முழுக் கவர் போட்ட ஸ்ப்ளெண்டருக்கும் அதே ஆயில், கவரைக் கழற்றி.

பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கம் செயினை இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிகிறதா? ஸ்பிரேயும் வேண்டாம், ஆயிலும் வேண்டாம். இரண்டு ஸ்பிராக்கெட்டோடு முழு செட்டாக மாற்றுங்கள். இரு முனைகளையும் லாக் கிளிப் வைத்து இணைத்த செயினானால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்று மெக்கானிக் கை துடைப்பதற்குள் பார்த்துவிடுங்கள்.