கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடுமுன் படியுங்கள், எங்களுக்கு 1,62,000 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் நானும் "சரி விடு" என்று இருந்துவிடுவேன்.

வடசென்னைப் பக்கம் ஒரு தனியார் மகப்பேறு ஆஸ்பத்திரி, அது மட்டும் போதும். அக்காவுக்கு 44 வயது. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கூடப்பிறந்தவளா இருந்தாலும் எடுத்துடுன்னுதான் சொல்வேன், லேப்ராஸ்கோப்பிதான், சின்னத் துளை போட்டுப் பண்றது, மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். கையைப் பிடித்ததில்தான் கவிழ்ந்தோம். வேறு வழி ஏதாவது இருக்கிறதா, என்ன ஆகக்கூடும் என்று மாமா கேட்டதற்கு, "தினமும் பண்றதுதான், பயப்படாதீங்க" என்று சிரித்தார்.

பேக்கேஜ் 85,000. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு ஒரு சிஸ்டர் ஆறு பக்கத் தாளோடு வந்தார், எல்லாம் இங்கிலீஷ், பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து. அக்கா தமிழ் மீடியத்தில் எட்டாவது வரை படித்தவள். "ஃபார்மாலிட்டிதான்கா."

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது உண்மைதான். எட்டாம் நாள் காய்ச்சல், இடுப்புப் பக்கம் வலி, சிறுநீர் தானாகக் கசிய ஆரம்பித்துவிட்டது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் அடிபட்டிருக்கிறதாம். திரும்ப அட்மிஷன், யூராலஜி டாக்டர், குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய ட்யூப். பேக்கேஜுக்கு மேல் 1,62,000. அக்காவின் வளையல் அடகுக்கடையில் இருக்கிறது.

கேட்கப் போனால் டாக்டரம்மா ரவுண்ட்ஸில். பில்லிங்கில் கேட்டால் மேனேஜரைப் பாருங்கள். மேனேஜரோ ஃபைலைத் திறந்து நாலாம் பக்கத்தில் விரலை வைத்து, "யூரிட்டர் இஞ்சுரின்னு போட்டிருக்கே, கீழே உங்க அக்கா கையெழுத்துதானே?" என்றார். அந்தச் சிறுநீர்க்குழாயில் அடிபடுவதைத்தான் இங்கிலீஷில் அப்படிப் போட்டிருக்கிறார்கள். 1,62,000 ரூபாய்க்கு இதுதான் பதில்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு சின்ன வயசு டாக்டர் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்குக் கீழேதான் அந்தச் சிறுநீர்க்குழாய் ஓடுகிறது, கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான் தள்ளி, கட்டி பெரிதாக இருந்தால் இடமும் மாறிவிடும், கை தேர்ந்தவருக்கும் இது நடக்கலாம் என்றார். மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் என்று சிலருக்கு வேறு வழிகளும் உண்டாம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடிபட்டதற்காக நான் சண்டை போடவில்லை, இந்த ஐந்து நிமிடத்தை ஏன் தரவில்லை என்றுதான் கேட்கிறேன். மாற்று வழி, முக்கியமான ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், இதையெல்லாம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், அக்கா கூப்பிடுகிறாள். ராத்திரியில் கையெழுத்து போடாதீர்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள், சிஸ்டர் இல்லை, டாக்டரே. ஏதாவது ஆனால் பேக்கேஜில் வருமா என்று எழுதி வாங்குங்கள். கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும், அது விதி.

நான் இன்று காலை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். வாங்கியதற்கு சீல் போட்டுக் கொடுங்கள் என்றேன், சீல் மேனேஜரிடம் இருக்கிறதாம், மேனேஜர் லீவாம்.