ஒட்டுப் போர்வைக்கு வெட்டுத்துண்டா, பழைய நூல் சேலையா?

திருகோணமலையில் துணித் துண்டுகளைக் கட்டங்களாக இணைத்து ஒட்டுப் போர்வை தைக்க விரும்பும் ஒருவருக்குப் புதுத்துணி வாங்காமலே துணி சேர்க்க மூன்று வழிகள் உள்ளன. ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சி, மூட்டையாக வந்து கிலோக் கணக்கில் விற்கப்படும் வெட்டுத்துண்டுகள் ஒன்று. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி, தெருவோரத்தில் குவித்து விற்கப்படும் பழைய உடுப்புகள் இன்னொன்று. வீட்டு அலுமாரிகளின் அடித்தட்டில் மடித்தபடி கிடக்கும் நூல் சேலைகளும் சாரங்களும் மூன்றாவது. மூன்றிலும் நான் தைத்திருக்கிறேன். போர்வை என்று வந்துவிட்டால் இன்று மூன்றாவதைத்தான் எடுக்கிறேன்.

விலையையும் நிறத்தையும் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. வெட்டுத்துண்டில் நிறங்கள் கொட்டிக் கிடக்கும், கையும் அதிகம் கடிக்காது. பழைய சேலை பெரும்பாலும் கேட்டால் கிடைப்பது, ஆனால் கேட்ட நிறத்தில் கிடைக்காது. நான் முடிவெடுத்தது இவற்றை வைத்தல்ல, தைத்து முடித்த போர்வை தண்ணீரில் விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான்.

என் முதற் போர்வை முழுக்க வெட்டுத்துண்டுகளால் ஆனது. ஒரு மாதம் இருந்து தைத்து, விரித்துப் பார்த்தபோது பாய்போல் தட்டையாக இருந்தது. முதல் முறை துவைத்து உலர்த்தியதும் சில கட்டங்கள் உள்வாங்கின, அவற்றை ஒட்டியிருந்த கட்டங்கள் கொப்பளம்போல் எழும்பி நின்றன. சிவப்புத் துண்டொன்று தன்னைச் சுற்றியிருந்த வெள்ளை முழுவதிலும் சாயத்தை இறக்கியிருந்தது. காரணத்தை அதன்பின்புதான் தேடி அறிந்தேன். தறியிலும் அதற்குப் பின்னான பதப்படுத்தலிலும் பருத்தி நூல் இழுத்த நிலையிலேயே வைக்கப்படுகிறது. நீரும் சூடும் பட்டவுடன் அந்த இழுவை தளர்ந்து, துணி தன் இயல்பான அளவுக்குச் சுருங்குகிறது. துவைக்காத பருத்தித் துணி 5 சதவீதம் சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 12 அங்குலக் கட்டம் ஒன்று அரை அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். அதன் பக்கத்தில் பொலியெஸ்டர் கட்டம் இருந்தால் அது அசையாது. இரண்டையும் பிணைத்திருக்கும் தையல் என்ன செய்யும்? சுருக்கம் விழத்தான் செய்யும். வெட்டுத்துண்டு மூட்டையில் பருத்தி, பொலியெஸ்டர், ரேயோன், லைக்ரா கலந்த இழுபடும் துணி எல்லாம் பெயர்ச்சீட்டின்றி ஒன்றாகவே கிடக்கும்.

முன்கூட்டியே துவைத்து எடுக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் உள்ளங்கையளவு துண்டுகளைத் துவைக்கும்போது ஓரங்கள் பிரிந்து, நூல் சிக்கி, பாதித் துணி வீணாகிவிடுகிறது. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். நானும் ஊறவைத்தேன், ஆனால் அடுத்த துவையலிலும் அது நீரைச் சிவப்பாக்கியது.

இருபது வருடம் உடுத்துத் துவைத்த நூல் சேலையில் இந்தத் தொல்லைகள் இல்லை. சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போய், எஞ்சியிருப்பது இனி மாறாத துணி. என் இரண்டாவது போர்வையை மூன்று சேலைகளிலும் இரண்டு மருதமுனைச் சாரங்களிலும் தைத்தேன். நான்கு வருடமாகத் துவைத்து வருகிறேன், ஒரு கட்டமும் எழும்பவில்லை. நம் ஊருக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே பஞ்சு வைக்காமல் சேலைகளையே இரண்டு மூன்று அடுக்காக வைத்து, எல்லா அடுக்கும் பிணையும்படி நெடுக நூலோடினால் போதும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரை நாளிலேயே காய்ந்துவிடும். மாரியில் வாடைக்காற்றும் ஈரமுமாக இருக்கும்போது தடித்த போர்வை நாட்கணக்கில் உலராமல் பூஞ்சணம் பிடிக்கும், மெல்லிய போர்வைக்கு அந்தப் பயம் குறைவு. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி நூலோடிக் காந்தா தைப்பதும் இதே முறையில்தான்.

குறை இல்லாமலில்லை. பழைய துணி எல்லா இடத்திலும் ஒரேயளவு தேய்ந்திருப்பதில்லை. சேலையில் கீழ்க்கரையை ஒட்டிய பகுதியும், இருக்கும்போது அழுந்தும் பகுதியும் முதலில் நைந்துபோகும், தலைப்பு கடைசி வரை உறுதியாக நிற்கும். சாரத்திலும் பின்புறம்தான் முதலில் மெலியும். ஆகவே யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இழைகளுக்கிடையே வெளிச்சம் அதிகம் தெரியும் இடத்தைச் சோக்கட்டியால் குறித்துவிடுவேன். பிறகு இரண்டு பெருவிரல்களையும் அருகருகே வைத்துத் துணியைப் பக்கவாட்டில் இழுப்பேன். நல்ல துணி விறைத்து நிற்கும், இற்றுப்போனது கடதாசிபோல் சரக்கென்று கிழியும். பின் குத்திய இடங்களில் கடற்காற்றால் கறள் பட்டிருந்தால், கறை சிறிதாக இருந்தாலும் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவேன், ஏனெனில் கறள் இழையையே அரித்துவிடுகிறது. வழக்கமாகக் கால் அங்குலம் விடும் தையலோரத்துக்குப் பழைய துணியில் அரை அங்குலம் விடுகிறேன்.

இப்படிக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஐந்தரை மீற்றர் சேலையில் ஏறக்குறைய 6 சதுர மீற்றர் துணி இருக்கிறது. பாதியைக் கழித்தாலும் 3 சதுர மீற்றர் கையில் நிற்கும். ஒருவர் போர்த்தும் 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் கொண்ட போர்வையின் ஒரு முகத்துக்கு மூன்றரை சதுர மீற்றர் வேண்டும். எனவே முகத்துக்கும் அடிக்குமாகச் சேர்த்து இரண்டு சேலைகளும், தையலோரத்துக்கும் இழப்புக்கும் ஈடாக இரண்டு சாரங்களும் இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம்.

இறக்குமதிப் பழைய உடுப்புகளைப் பொறுத்தவரை ஆண்களின் பருத்திச் சேட்டுகள் நல்ல துணி. முதுகுப் பக்கம் ஒரே விரிப்பாகக் கிடைக்கும், பொத்தான்களும் மிச்சம். ஆனால் கொலர், பை, கைமூட்டு எல்லாவற்றையும் பிரித்தெடுக்கும் நேரம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பட்டுச் சேலையில் ஒரே ஒரு தலையணை உறைதான் தைத்திருக்கிறேன், அந்த ஒன்றை வைத்து மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்வது சரியல்ல.

வெட்டுத்துண்டுகளை அதற்காக ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அடிக்கடி துவைக்காத பை, சுவர்த்தொங்கல், யன்னல் மறைப்பு போன்றவற்றுக்கு அவை மிகவும் பொருத்தம். வாங்கியதும் ஒவ்வொரு வகையிலும் ஓர் இழையை உருவி, குறட்டால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். ரேயோனும் பருத்திபோலவே எரிவதால் இச்சோதனை அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

பழைய சேலைகளை நான் கேட்டுத்தான் சேர்க்கிறேன். கேட்பதற்கு முதலில் கூச்சமாக இருந்தது. இறந்தவருடைய உடுப்பைச் சில வீடுகளில் கொடுத்துவிடுவார்கள், சில வீடுகளில் தொடவே விடமாட்டார்கள் என்பதால் நானாக அந்தப் பேச்சை எடுப்பதில்லை. சென்ற வருடம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவர், கணவருடைய நீலக்கட்டச் சாரத்தைத் தாமாகவே கொண்டுவந்தார். "இத வெட்டி வீணாக்கிப் போடாத பிள்ள, எங்கயாவது ஒரு மூலையில தெரியிற மாதிரி வை" என்றார். சாரத்தின் பின்புறம் முழுவதும் நைந்திருந்தது. பொருத்துத் தையலை ஒட்டிய இரண்டு சாண் அகலம் மட்டும் உறுதியாக இருந்தது. அதிலிருந்து ஒன்பது கட்டங்கள் வெட்டினேன். எட்டை என் போர்வையின் ஓரத்தில் வைத்துத் தைத்தேன், ஒன்பதாவதைச் சிறு தலையணை உறையின் நடுவில் வைத்து மாமியிடமே கொடுத்தேன்.