வீட்டிலிருந்தே வேலை: அசலா, தூண்டிலா?

மன்னார்குடியிலோ திருவையாற்றிலோ இருந்தபடி டேட்டா என்ட்ரி வேலை தேடுபவர்களுக்கு.

ஆள் எடுப்பது:
அசல் – தட்டச்சு வேகம் பார்ப்பார்கள், நேர்காணல் உண்டு.
போலி – வாட்ஸ்அப்பில் 'ஹாய்' போட்டாலே வேலை.

பணம்:
அசல் – உங்களிடம் கட்டணம் கேட்காது. வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும்.
போலி – பதிவுக் கட்டணம், டெபாசிட். டெலிகிராம் 'டாஸ்க்' இன்னும் நைச்சியம்: லைக் போட்டதற்கு முதலில் 150 ரூபாய் நிஜமாகவே வரும் (அது தூண்டில் புழு). பிறகு 1,000, 5,000 கட்டச் சொல்வார்கள். திரையில் லாபம் ஏறும். எடுக்கப்போனால் 'வரி கட்டு' என்பார்கள்.

பிழை வந்தால்:
அசல் – திருத்தச் சொல்லும்.
போலி – அபராதம் கட்டு, இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டும். கட்டாதீர்கள்.

மாதச் சம்பளம் வேண்டுமா? நியமனக் கடிதம், பி.எஃப். உள்ள இடமாகப் பாருங்கள். ஒழிந்த நேரத்துக்கு மட்டும் என்றால், கும்பகோணத்து டி.டி.பி. கடைகளில் பக்கக் கணக்கில் தட்டச்சு கேட்பதே மேல். பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.