குமிழியை நம்பிக் கெட்டவனின் ஹைட்ரோமீட்டர் அனுபவம்

வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். வாளி மூடியில் வாயு வெளியேறச் செருகும் ஏர்லாக்கில் குமிழி நின்றால் நொதித்தல் முடிந்தது என்று இரண்டு வருடம் நம்பினேன். மூடி சரியாகப் பொருந்தாத வாளியில் குமிழியே வராது. அறை சூடானால் நொதித்து முடிந்த பியரும் குமிழி விடும். போன கோடையில் நொதித்தல் முடியும் முன் அவசரப்பட்டு அடைத்த பாட்டில்களில் மூன்று கராஜில் வெடித்தன. சுவரெல்லாம் பியர். அப்புறம்தான் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவையான இந்தக் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் வாங்கினேன். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அளவு இறங்கும்.

ஈஸ்ட் போடும் முன் அடர்த்தி 1.048 (தண்ணீருக்கு 1.000). ஆறாம் நாள் 1.014. பத்தாம் நாள் 1.010, பன்னிரண்டாம் நாளும் அதே. அசையவில்லை என்றால்தான் பாட்டிலில் அடைப்பேன். கணக்குப் போட்டால் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்.

குறை இல்லாமல் இல்லை. 20 டிகிரித் தண்ணீரில் 1.000 காட்ட வேண்டியது 1.002 காட்டுகிறது, ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்கிறேன் (மேலே சொன்னது கழித்த கணக்கு). எழுத்து வேறு பொடி, நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு டார்ச் வேண்டும். வாயுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு மிதவையைத் தூக்கிவிடும். லேசாகச் சுழற்றிவிட்டுப் பாருங்கள்.

அளந்த பியரை வாளியில் திருப்பி ஊற்றாதீர்கள், கிருமி உள்ளே போய்விடும். நான் குடித்துவிடுவேன். இனிப்பு குறைவது நாக்குக்கே தெரியும்.

கீழே விழுந்தால் தூள்தான். இரண்டாவது ஒன்றும் வாங்கி வைத்துவிட்டேன்.