டான்டெம்: ஒரு செமஸ்டர் பயன்படுத்திப் பார்த்ததில்

ஜெர்மனியில் நான் முதுகலை படிக்கும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இரண்டு சேவைகளை இலவசமாகத் தருகிறது. ஒன்று, அக்டோபரில் ஒருநாள் பண்பாட்டுப் பயிலரங்கு. இன்னொன்று டான்டெம். நம் மொழியைக் கற்க விரும்பும் ஒருவரோடு நம்மைச் சேர்த்துவிடுவார்கள். வாரம் ஒரு மணி நேரம், பாதி அவர் மொழி, பாதி நம் மொழி.

பயிலரங்கு மோசமில்லை. கால அட்டவணையில் 'சி.டி.' என்றிருந்தால் வகுப்பு 15 நிமிடம் தள்ளித் தொடங்கும், விரிவுரை முடிந்தால் கைதட்டாமல் மேசையைத் தட்ட வேண்டும், பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொன்னால் அபசகுனம், இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. சரி, ஆனால் இதற்கு ஒரு நாள் எதற்கு? பக்கத்தில் இருப்பவன் மேசையைத் தட்டினால் நம் கையும் தானாகத் தட்டப்போகிறது.

டான்டெமில் முதலில் கிடைத்தவர் இரண்டே சந்திப்பில் காணாமல் போனார். அலுவலகத்துக்கு மூன்று மெயில் போட்டு, மூன்று வாரம் காத்திருந்த பிறகுதான் அடுத்தவர் கிடைத்தார். தமிழ் படிக்கும் இந்தியவியல் மாணவி.

ஒரு ஞாயிறு மதியம் காபிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். கேக் வேண்டுமா என்றார். "வேண்டாங்க, இருக்கட்டும்" என்றேன், எப்படியும் இன்னொரு தடவை கேட்பார் என்ற தைரியத்தில். கேட்கவில்லை. தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஆப்பிள் கேக், அதுவும் வீட்டில் செய்தது. ஞாயிறு என்பதால் திரும்பும் வழியில் சூப்பர் மார்க்கெட்டும் மூடியிருந்தது.

அடுத்த வாரம் இதைச் சொன்னதும் நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்: "எத்தனையாவது 'வேண்டாம்' உண்மையானது?" எனக்குப் பதில் தெரியவில்லை. என் பாட்டி வீட்டில் மூன்றாவதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் இந்த 'வரேன்'. கிளம்பும்போதெல்லாம் வாய் தானாகச் சொல்லிவிடும். "எப்போது?" என்று அவர் நிஜமாகவே டைரியைப் புரட்டுவார். 'போறேன்' என்று சொல்லக்கூடாது என்றேன். ஏன் என்றார். இருபத்து நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வார்த்தையை விளக்க அரை மணி நேரம் திணறினேன். அன்றைக்கு ஜெர்மன் பாடமே நடக்கவில்லை.

அக்டோபரில் வருகிறவர்கள் வந்த வாரமே பதிவு செய்யுங்கள். படிவத்தில் 'கற்பிக்கக்கூடிய மொழி' என்ற இடத்தில் ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் தமிழையும் எழுதுங்கள்; நான் இரண்டாவது முறைதான் எழுதினேன்.

பயிலரங்குக்கு 5க்கு 2. டான்டெமுக்கு 4, அந்த மூன்று வாரத்துக்காக ஒன்று குறைத்திருக்கிறேன். இரண்டுமே நம்ம ஊர்க் கணக்கு. ஜெர்மன்காரர்கள் படித்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்; இங்கே 1தான் முதல் மதிப்பெண், 5 என்றால் ஃபெயில்.